கழற்றி மாட்டும் ஊரில் மலையேறும் சாண்டல்

கேள்வி, தாம்பரத்திலிருந்து, 11.08.2023
தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூர் போகிறேன். ஷூ போட்டால் பல்லாவரம் வருவதற்குள் சாக்ஸ் நனைந்துவிடுகிறது. சாதாரணச் செருப்பு ஆறே மாதத்தில் வார் அறுந்துபோகிறது. மலையேற்றத்துக்கென்று விற்கிற, கனமான பட்டை வைத்த சாண்டல் ஒன்று பார்த்தேன். மூவாயிரம் ரூபாய். ஆபீஸ், கடைத்தெரு, அடுத்த மாதம் கொல்லிமலை, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதுமா? இல்லை வெறும் பந்தாவா?

பதில், வேளச்சேரியிலிருந்து, 12.08.2023
போதும். நான்கு வருஷமாக நான் வேறெதையும் காலில் போடவில்லை. கல்யாணத்துக்கும் அதுதான், கறிக்கடைக்கும் அதுதான்.

கூட்டத்தில் ரயிலை விட்டு இறங்கும்போது பின்னால் வருகிறவர் குதிகாலை மிதிக்க, ஆள் பிளாட்பாரத்திலும் செருப்பு பெட்டிக்குள்ளும் நின்றுவிடும் கதை இதில் நடக்காது. எனக்குக் கிண்டியில் அது நடந்தது. வண்டி கிளம்பிவிட்டது. ஒற்றைச் செருப்போடு போவதா, அதையும் கழற்றிவிட்டுப் போவதா என்று ஐந்து நிமிஷம் யோசித்துக்கொண்டு நின்றேன். அன்று சாயங்காலம் வாங்கியதுதான் முதல் ஜோடி.

இன்னொன்று. இந்த வகை பிறந்தது மலைக்காகவே இல்லை. 1984-இல் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் படகுப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்தவர் மார்க் தாட்சர். ரப்பர் செருப்பு தண்ணீரில் காலை விட்டுக் கழன்று போவதைப் பார்த்து, கணுக்காலைச் சுற்றி, ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டை ஒன்று வைத்தார். அதுதான் டேவா. அந்தப் பெயருக்கு எபிரேய மொழியில் இயற்கை என்று பொருள். ஆக, வெள்ளத்தில் காலோடு ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இதன் குலத்தொழில். மழைக்கு மிதக்கிற வேளச்சேரியில் குடியிருக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்!

12.08.2023, இரவு
காலையில் எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். இன்று எண்ணிப் பார்த்தேன். பதினோரு தடவை கழற்றி மாட்டியிருக்கிறேன்.

பால் வாங்கிவிட்டு வந்தது ஒன்று. தெருமுனைப் பிள்ளையார் ஒன்று. சாதாரணச் செருப்பு என்றால் அங்கே யாரும் கழற்றி வைக்கக்கூட மாட்டார்கள். காலை வெளியே எடுத்து, செருப்பின் மேலேயே நின்றபடி இரண்டு குட்டு குட்டிக்கொண்டு, மறுபடி உள்ளே நுழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அரை நிமிஷ வேலை. நான் குனிந்து, இரண்டு காலிலும் பட்டையைப் பிரித்து, கும்பிட்டு, மறுபடி குனிந்து ஒட்டி நிமிர்வதற்குள் பின்னால் இரண்டு பைக் ஹாரன் அடிக்கிறது. அப்புறம் ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று போர்டு வைத்த ஜெராக்ஸ் கடை, பல் டாக்டர், நண்பர் வீடு, மாடி வீட்டுக்காரர், அவரிடம் மறந்து வைத்துவிட்டு வந்த சாவிக்காக மறுபடி மாடி வீட்டுக்காரர்.

காலையில் படகில் மாட்டினால் சாயங்காலம் கரையேறிக் கழற்றுகிறவர்களுக்காகச் செய்த சாமான் இது. நம் ஊரில் வாசலுக்கு வாசல் அவிழ்க்க வேண்டும். அதனால் வாங்கும்போது பிடிப்பு, எடை எல்லாவற்றுக்கும் முன்னால், எவ்வளவு சீக்கிரம் கழற்ற முடிகிறது என்று பாருங்கள். இறுக்கிக் கோக்கிற கொக்கி மாடல் வேண்டாம். வெல்க்ரோ போதும்.

13.08.2023
சாண்டல் என்று எழுதாதே, செருப்பு என்று எழுது என்கிறார் ஒருவர். எங்கள் வீட்டில் செருப்பு என்றால் வாரில் காலை நுழைப்பது, சாண்டல் என்றால் பின்பட்டை இருப்பது. கடைப் பையனும் அப்படித்தான் எடுத்துத் தருகிறான்.

17.08.2023
வெல்க்ரோ போதும் என்று எழுதியதை ஒரு துக்க வீட்டில் நினைத்துக்கொண்டேன்.

நேற்று பெரியப்பா முறையில் ஒருவர் தவறிவிட்டார். நான் போனபோது ஒப்பாரி ஓய்ந்து, வெளியே பந்தலில் எல்லாரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. வாசலில் குனிந்து பட்டையை இழுத்தேன். பர்ர்ர்ர். ஒரு காலுக்கு மூன்று பட்டை, இரண்டு காலுக்கு ஆறு பர்ர். முதல் பர்ருக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மீதியை மெதுவாகப் பிரிக்கலாம் என்று பார்த்தால் சத்தம் குறையவில்லை, நீளமாகத்தான் ஆயிற்று.

அதன் பிறகு எனக்குப் புரிந்த உத்தி இது. முன்பட்டை, நடுப்பட்டை இரண்டையும் பாதத்துக்குத் தகுந்தபடி ஒருமுறை வைத்துவிட்டு அப்புறம் தொடவே கூடாது. பின்பட்டையை மட்டும் பிரித்தால் கால் வந்துவிடும். ஆறு பர்ர் இரண்டாகக் குறையும்.

வெல்க்ரோ பற்றி ஒரு சின்னச் சங்கதி. சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் 1941-இல் நாயோடு காட்டில் சுற்றிவிட்டு வந்து, நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த முள்காய்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நுனியெல்லாம் சின்னச் சின்னக் கொக்கி. அதிலிருந்து பிறந்ததுதான் இது. நம் காலி மனைகளில் நாயுருவி வேட்டிக் கரையில் ஒட்டும்போது திட்டிக்கொண்டே பிய்த்துப் போட்டதோடு நாம் நிறுத்திக்கொண்டோம்.

19.08.2023
பைக் ஓட்டலாமா என்று கேட்டவருக்கு. ஸ்கூட்டர் சரி. கியர் வண்டியில் லீவரைப் பெருவிரலால் தூக்கித் தூக்கி நகத்தடியில் ரத்தம் கட்டும். எனக்கு இடது காலில் கட்டி, நகம் கறுத்து, மூன்று மாதம் கழித்து விழுந்தது. விரல் மூடிய மாடல்களும் கிடைக்கின்றன. பைக்கே கதி என்றால் அதை வாங்குங்கள்.

செருப்புப் போட்டு வண்டி ஓட்டினால் அபராதம் என்று 2019-இல் வாட்ஸ்அப்பில் சுற்றியதே, அது புரளி. மத்திய போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகமே அப்போது மறுத்தது. சட்டம் விட்டாலும் சைலன்ஸர் விடாது.

26.08.2023
திருத்தம். ‘நான்கு வருஷமாக’ என்று எழுதியதை வீட்டில் படித்துவிட்டார்கள். நான்கு வருஷம் ஒரே ஜோடி இல்லையாம், இரண்டு ஜோடியாம். முதல் ஜோடி என்ன ஆயிற்று என்பதையும் எழுதச் சொல்லி உத்தரவு.

எழுதுகிறேன். ஊரடங்கில் வெளியே போகாததால் முதல் ஜோடியைத் துடைத்து, டப்பாவில் போட்டு, பத்திரமாகப் பரணில் வைத்தேன். ஒன்றரை வருஷம் கழித்து ஏற்காடு போகும்போது எடுத்தேன். பார்க்கப் புதுசு மாதிரியே இருந்தது. சேலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கிறேன், காலுக்கடியில் என்னவோ உதிர்கிறது. திரும்பிப் பார்த்தால் நான் வந்த வழியெல்லாம் கறுப்புக் கறுப்பாகத் துண்டு. மேல் சோலுக்கும் கீழ் ரப்பருக்கும் நடுவிலிருந்த மெத்தைப் பகுதி நல்ல மைசூர்பாகு மாதிரி, தொட்டால் பொடிந்தது. ஏற்காட்டைச் சேலத்தில் வாங்கிய எண்பது ரூபாய் ஹவாய் செருப்பில் சுற்றினேன்.

விற்ற கடையை ரொம்ப நாள் திட்டினேன். பிறகுதான் தெரிந்தது, பாலியூரித்தேன் என்கிற பொருளில் செய்த சோலுக்கு இதுதான் விதி. காற்றிலுள்ள ஈரம் உள்ளே போய் அதன் இணைப்புகளை அறுக்கிறது. போட்டு நடந்தாலும் வைத்திருந்தாலும் அறுக்கும். மூடிய டப்பா, புழுக்கம், கடற்கரை ஊர் மூன்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஈ.வி.ஏ. என்று போட்டிருக்கும் நுரை சோல் இப்படிப் பொடியாது. ஆனால் நாளாக ஆகக் குதிகால் பக்கம் அமுங்கி, தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிடும். பத்திரப்படுத்துகிற புத்தி உள்ளவர்கள் எதற்கும் சோல் என்னவென்று கேட்டு வாங்குங்கள்.

27.08.2023
தோல்தான் உசத்தி, பிளாஸ்டிக்கைக் காலில் கட்டிக்கொண்டு அலைகிறீர்களே என்று ஒருவர் சண்டைக்கு வருகிறார். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை இருக்கிற மாநிலத்தில் கேட்க வேண்டிய கேள்விதான். கேள்வி கேட்ட தாம்பரக்காரர் தினமும் தாண்டிப் போகிற குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால். அடையாற்றில் 1948 முதல் தோல் ஆராய்ச்சி நிலையம் வேறு இருக்கிறது.

எனக்கும் தோல் பிடிக்கும். ஆனால் ஐப்பசியில் இரண்டு நாள் மூலையில் கிடந்தால் என் பழைய தோல் சாண்டலில் பச்சையாகப் பூஞ்சை படிந்துவிடும். வெயில் காலத்துக்குத் தோல், மழைக்கு இது என்று இரண்டு வைத்துக்கொள்ளலாம். அவர் ஒன்றுதான் கேட்டார்.

03.09.2023
நாற்றம் பற்றி யாரும் கேட்கவில்லை, கௌரவம் பார்க்கிறீர்கள். சாக்ஸ் இல்லாததால் வியர்வை நேராக மேல் சோலில் இறங்குகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துணி சோப்பும் பழைய பல் பிரஷும் எடுத்து, விரல் பதிந்த பள்ளங்களைத் தேய்க்க வேண்டும். வருகிற தண்ணீரின் நிறத்தை வர்ணிக்க வேண்டாம். நிழலில் காய வைக்கவும். மொட்டை மாடி வெயிலில் வைத்து என்னுடையதில் பசை விட்டு, முனை வாயைப் பிளந்தது.

எலியட்ஸ் கடற்கரையில் நடப்பவர்கள் கவனிக்க: ஈரக் காலும் மணலும் சேர்ந்தால் பட்டைக்கடியில் உப்புத்தாள் வைத்தது மாதிரிதான். முதல் நாளே கொப்புளம். மணலில் கையில் பிடித்துக்கொண்டு நடங்கள்.

05.09.2023
காலில் விழுகிற வெயில் கோடுகள் பற்றிச் சிரிப்பாக எழுதியிருந்தீர்கள். என் பாதம் வரிக்குதிரை. போன பொங்கலுக்கு மனைவியின் பாட்டி, வெறுங்காலோடு கூடத்துக்குள் வந்த என்னைப் பார்த்து, ‘மாப்பிள்ளை, செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க’ என்றார். கண் புரை அறுவை ஆகாத பாட்டி. ஆனாலும்.

24.09.2023
தாம்பரக்காரருக்கு முன்னால் நான் கொல்லிமலை போய்விட்டு வந்துவிட்டேன். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு, மேலே அறப்பளீஸ்வரர் கோயில், அங்கிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி இறங்க வேண்டும்.

‘எல்லாவற்றுக்கும் போதும்’ என்று எழுதியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் பாதம் முன்னால் சரிந்து விரல்கள் விளிம்பைத் தாண்டுகின்றன. ஐந்நூறாவது படியில் பெருவிரல் கல்லில் இடித்தது. இறங்குவதற்கு முன்னால் முன்பட்டையை இறுக்கிக்கொள்ள வேண்டுமாம், கூட வந்தவர் பிறகு சொன்னார். பிறகு.

அருவிக்குப் பக்கத்தில் பாசி. சோலில் எத்தனை ஆழமாகக் கட்டம் வெட்டியிருந்தாலும் பாசிக்கு முன்னால் ஒன்றுமில்லை. நான் உட்கார்ந்தபடியே நாலு பாறையைக் கடந்தேன். என் பக்கத்திலேயே தலையில் எலுமிச்சம்பழ மூட்டையோடு ஒருவர் படியேறிப் போனார். காலில் ஹவாய் செருப்பு, அதுவும் வாருக்கு ஊக்கு குத்தியது.

மழைக்காலத்தில் வால்பாறைப் பக்கம் போகிறவர்கள் அட்டைப்பூச்சி பற்றிக் கேட்டிருந்தார்கள். ஷூவில் புகுந்தால் கழற்றும்போதுதான் தெரியும். இதில் ஏறும்போதே தெரியும், தட்டிவிடலாம். நாலு அடிக்கு ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டே நடக்கிற பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

15.10.2023
ஆபீஸ் பற்றி ஒரு வரி. எங்கள் மேனேஜருக்கு இது செருப்பு, மனிதவளத் துறைக்கு இது சாண்டல், சாண்டல் அனுமதி. பழைய நண்பர் ஒருவர் ஒரு கிளப்புக்குச் சாப்பிடக் கூட்டிப் போனார். வேட்டிக்கு அனுமதி மறுக்கக் கூடாது என்று 2014-இல் சட்டம் வந்ததே, அந்தத் தைரியத்தில் வேட்டி கட்டிக்கொண்டு போனேன். வாசலில் இருந்தவர் வேட்டியைப் பார்க்கவே இல்லை. குனிந்து என் குதிகாலைப் பார்த்தார். பின்பட்டை இருந்தது. போகலாம் என்றார்.

09.12.2023
கரண்ட் நேற்றுதான் வந்தது. எல்லாரும் பத்திரமா?

மிக்ஜாம் புயல் மழையில் நாலாம் தேதி காலை எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், மத்தியானத்துக்குள் இடுப்பு. கீழ்வீட்டு அம்மாவை மாடிக்கு ஏற்றிவிட்டு, அவருடைய மாத்திரைக்காக நானும் எதிர்வீட்டுத் தம்பியும் மெயின் ரோடு வரை போனோம். பத்தடிக்குள் அவன் செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது, இன்னொன்று மிதந்து போயிற்று. என்னுடையது காலோடு இருந்தது. கிராண்ட் கேன்யன்காரர் சொன்ன சொல் தவறவில்லை. மூடி போன சாக்கடைக் குழி எங்கே என்று தெரியாததால் முன்னால் துடைப்பக் கம்பை ஊன்றி ஊன்றித்தான் நடந்தோம்.

திரும்பி வரும்போது தகரமோ கண்ணாடியோ, சுண்டுவிரல் ஓரத்தைக் கிழித்தது. தண்ணீருக்குள் வலிக்கவில்லை. மாடிப்படியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. மறுநாள் தண்ணீர் வடிந்த பக்கமாகப் போய் டிடி ஊசி போட்டுக்கொண்டேன். சாக்கடை கலந்த தண்ணீரில் காயத்தோடு நின்றதால் எலிக்காய்ச்சல் வராமலிருக்க டாக்ஸிசைக்ளின் கொடுத்தார் டாக்டர். ‘செருப்புப் போட்டுத்தான் போனீர்களா’ என்று கேட்டார். சாண்டல் என்றேன். ‘விரல் வெளியில்தானே இருக்கிறது’ என்றார்.

ஆக, ஆகஸ்டில் ‘வேளச்சேரியில் குடியிருக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்’ என்று எழுதினேனே, முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் வேண்டும். கழன்று போகாமல் இருப்பதே காலைக் காப்பாற்றுவது என்று நான் தப்பாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

11.12.2023
வெல்க்ரோவில் சேறு, முடி, எதிர்வீட்டு நூல் எல்லாம் அடைத்து ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஊக்கு முனையால் கொக்கி வரிசைகளுக்கு நடுவே ஒவ்வொரு கோடாகக் கீறி இழுத்தால் சுருள் சுருளாக வருகிறது. பேன் சீப்பு இன்னும் நல்லது. ஒரு காலுக்கு நாற்பது நிமிஷம். கரண்ட் இல்லாத நாட்களில் வேறென்ன வேலை இருந்தது.

21.01.2024
அப்பாவுக்கு வாங்கித் தரலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நான் முன்பு ‘எந்த வயதுக்கும் சரி’ என்று பதில் போட்டிருந்தேன். அதை அழித்துவிட்டேன். காரணம் இது.

என் அப்பாவுக்குச் சர்க்கரை, பதினெட்டு வருஷம். என் சாண்டலைப் பார்த்து ஆசைப்பட்டார், வாங்கிக் கொடுத்தேன். நாலாம் நாள் அம்மா அவர் காலைக் கழுவிவிடும்போது உள்ளங்கால் ஓரத்தில் கொப்புளம் உடைந்து சிவப்பாக இருந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. உணர்ச்சி குறைந்துவிட்டது என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். மலையேற்றச் சாண்டலின் மேல் சோல் கெட்டியானது, விளிம்பு தூக்கியிருக்கும். நமக்கு அது பிடிமானம். வலி தெரியாத காலுக்கு அது அரம்.

டாக்டர் எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்தார். நுண்துளை ரப்பர், கட்டை விரலால் அழுத்தினால் அமுங்கும். வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களுக்கென்று உழைத்த வேலையிலிருந்து வந்த வழி அது. இப்போது ஊரெல்லாம் சர்க்கரைக்காரர்கள் போடுகிறார்கள். அதிலும் பின்பட்டை வைத்துத் தைத்துத் தருகிறார்கள். வெல்க்ரோதான். அப்பா இப்போது வாசலில் பர்ர் என்று இழுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

சர்க்கரை உள்ள பெரியவர்களுக்குக் கேட்காமல் வாங்காதீர்கள். தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பாருங்கள்.

10.03.2024
இடது பின்பட்டை அடியோடு பிய்ந்தது. தெருமுனையில் குடைக்கடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார், சோலுக்குள் பட்டை போகிற பொந்தில் விரலை விட்டுப் பார்த்தார். ‘உள்ள ஒட்டி வச்சிருக்கான் தம்பி, தைக்கல. அதான்’ என்றார். ஊசியால் பக்கவாட்டில் துளை போட்டு, மெழுகு தடவிய நூலை இரண்டு பக்கமிருந்தும் இழுத்து எட்டுத் தையல். அறுபது ரூபாய். வலது காலையும் கேட்டு வாங்கித் தைத்தார். ‘அது இன்னும் பிய்யலயே’ என்றேன். ‘பிய்யும்’ என்றார்.

மூவாயிரம் ரூபாய் சாமானின் உயிர் அறுபது ரூபாய்த் தையலில் இருக்கிறது. புதுசு வாங்கியதும் அவரிடம் கொண்டுபோய்த் தைத்துவிடலாம் போல.

12.05.2024
அவ்வளவு பலமாகத் தைத்த ஜோடி நேற்று ஒரு கோயில் வாசலில் தொலைந்தது. செருப்புப் பாதுகாப்பில் விட இரண்டு ரூபாய்ச் சில்லறை இல்லாமல் ஓரமாக விட்டுப் போனேன். பின்பட்டையைக் கொக்கி மாதிரி கேட் கம்பியில் கோத்து மாட்டினால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று இங்கேயே ஒருவர் எழுதியிருந்தார். படித்தேன், செய்யவில்லை.

‘விடு, சனி விட்டது’ என்றார் பூக்கார அம்மா. கோயிலில் செருப்பு போனால் பீடை போனது என்பார்கள். சித்திரை மத்தியானத் தாரில் ஆட்டோ ஸ்டாண்ட் வரை ஓடியபோது பீடை போகிற சூடு தெரிந்தது.

18.05.2024
தாம்பரக்காரர் ஒன்பது மாதம் கழித்து வந்து பதில் போட்டிருக்கிறார். நான் எழுதியதையெல்லாம் படித்துவிட்டு முந்நூறு ரூபாய்க்கு ரப்பர் செருப்பு வாங்கினாராம். கொல்லிமலை போகவே இல்லையாம். நல்லது.

நான் மூன்றாவது ஜோடி வாங்கப் போனேன். கடைப் பையன் பிடிப்பைக் காட்ட சோலைத் திருப்பினான், வளைத்துக் காட்டினான், தண்ணீர் ஊற்றலாம் என்றான். வேண்டாம் என்றேன். ஒரு கையில் காய்கறிப் பையைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தொடாமல், ஒற்றைக் காலில் நின்று கழற்றிப் பார்த்தேன். முதல் மாடலில் தடுமாறி அவன் மேலேயே சாய்ந்தேன். இரண்டாவதில் பட்டை மூன்று, சத்தம் நீளம். மூன்றாவதில் பின்னால் ஒரே பட்டை, இழுத்தால் இரண்டு விநாடியில் கால் வெளியே.

விரல் மூடியதா என்று பையன் கேட்டான். மூடியதுதான். முனையைத் தட்டிப் பார்த்தேன், கெட்டி ரப்பர். பில் போடச் சொல்லிவிட்டு, போகிற வழியில் தெருமுனைப் பெரியவர் குடையை மடக்கியிருப்பாரா என்று மணியைப் பார்த்தேன்.